உழைத்துப் படிக்கும் வன்னிப் பிள்ளைகளின் உதவித்தொகைக்குக் காசோடு ஆட்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் வன்னியிலிருந்து இரண்டு வகைச் செய்திகள் பத்திரிகைகளில் வருகின்றன. முதலில் மாவட்ட நிலை எடுத்த பிள்ளைகளின் படங்கள் வரும். கொஞ்சக் காலம் கழித்து, கம்பசுக்கு எடுபட்டும் போக வழியில்லாத ஒரு பிள்ளைக்கு உதவி கேட்டு வேண்டுகோள் வரும். வேண்டுகோள் வந்ததும் வெளிநாட்டிலிருந்து காசும் வந்துவிடுகிறது. நம்மவர்கள் கொடுக்கப் பின்நிற்பவர்கள் அல்லர். ஆனால் அந்தக் காசு சரியான பிள்ளைக்கு, சரியான மாதத்தில், நான்கு வருடமும் தவறாமல் போய்ச் சேர்வதற்கு ஊரில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆட்கள் போதாது. அந்த வேலை என்ன, எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கிறது என்பதை வன்னியில் உதவித்தொகைப் பணியில் இருக்கும் நாங்கள் விரிவாக எழுதுகிறோம்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று அமெரிக்காவின் கொல்ப் மைதானங்களில் இருக்கிறது. கொல்ப் ஆடுபவரின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து மைதானம் முழுவதும் கூடவே நடந்து, பந்து விழுந்த இடத்தைத் தேடிக் கொடுத்து, தூரம் பார்த்துச் சொல்லும் வேலைக்காரரை 'கெடி' என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் பலர் கோடை விடுமுறையில் செய்யும் கூலி வேலை அது. சிக் எவன்ஸ் என்பவர் சிக்காகோவில் சிறுவயதில் கெடியாக வேலை செய்து வளர்ந்தவர். 1916 இல் அமெரிக்காவின் திறந்த போட்டியையும் அமெச்சூர் போட்டியையும் ஒரே ஆண்டில் வென்றார். பணத்துக்கு ஆடாத அமெச்சூராகவே இருக்க விரும்பியதால், கொல்ப் பாடம் சொல்லிப் பதிவு செய்த இசைத்தட்டுகளால் வந்த காசை அவர் எடுக்கவில்லை. கெடிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று அதை ஒதுக்கினார். வெஸ்டர்ன் கொல்ப் சங்கம் பொறுப்பேற்க, 1930 இல் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களோடு அந்தத் திட்டம் தொடங்கியது. எவன்ஸ் படிப்பை முடிக்காமல் வெளியேறியதும் அதே பல்கலைக்கழகத்திலிருந்துதான். இன்று அந்த உதவியால் பட்டம் பெற்றவர்கள் 12,000 பேருக்கும் மேல். கொல்ப் சங்கங்களைச் சேர்ந்த தொண்டர்களே விண்ணப்பங்களைப் பார்க்கிறார்கள், நேர்முகத்தில் அமர்கிறார்கள், காசு சேர்க்கிறார்கள்.

அவர்கள் பிள்ளையிடம் நான்கு விடயங்களைப் பார்க்கிறார்கள்: பெறுபேறு, குடும்பத்தின் பணத்தேவை, குணம், கெடி வேலையில் அந்தப் பிள்ளையின் பதிவு. நாம் கற்க வேண்டியது இந்த நான்காவதை. கூலி வேலை செய்தது அங்கே இரக்கத்துக்குரிய விடயமாக எழுதப்படுவதில்லை. அதற்குப் புள்ளி உண்டு.

நம்மிடம் நடப்பதைப் பாருங்கள். பெரும்பாலான உதவித்தொகைகள் ஒன்றில் பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியைப் பார்க்கின்றன, அல்லது தகப்பன் இல்லை, காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளை, மாற்றுத்திறனாளியின் பிள்ளை என்ற நிலையைப் பார்க்கின்றன. இரண்டுமே தேவையானவை, அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாயும் தகப்பனும் உயிரோடு இருந்து, இருவரும் நாட்கூலிக்குப் போய், பிள்ளையும் சனி ஞாயிறு கச்சான் பிடுங்கப் போய், அதற்குள் படித்து மூன்று பாடமும் சித்தியடைந்து, வெட்டுப்புள்ளியை மட்டுமட்டாகத் தொட்ட ஒரு பிள்ளை இந்த இரண்டு வலையிலும் அகப்படாது. பாண்டியன்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் பூநகரியிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போன பிள்ளையின் இசட் புள்ளியையும், ஐந்து ரியூசனுக்குப் போன பிள்ளையின் இசட் புள்ளியையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமில்லை. வன்னியின் நான்கு மாவட்டங்களும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. மாவட்டங்களுக்கு இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அரசு ஒப்புக்கொண்டது போல, ஒரே வகுப்புக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை உதவித்தொகை கொடுப்பவர்களும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியென்றால் உழைப்பை எப்படி அளப்பது? அமெரிக்க மைதானங்களில் ஆட்டம் முடிந்ததும் கெடி எப்படி வேலை செய்தார் என்று ஆட்டக்காரர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். வேலை கொடுத்தவரே எழுதும் அந்தச் சீட்டுகள் சேர்ந்துதான் பதிவாகின்றன. இங்கே அதற்கு ஒரு கொப்பி போதும். திகதி, வேலை செய்த இடம், என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், கொடுத்த கூலி, வேலை கொடுத்தவரின் கையொப்பம் என்று ஆறு நிரல். உயர்தர வகுப்பில் சேரும்போதே கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ இந்தக் கொப்பியைக் கொடுக்கலாம். கொப்பி இல்லாத பிள்ளையை விலக்கவும் கூடாது. அவர்களுக்கு வேலை கொடுத்த இரண்டு பேரைத் தொண்டர் நேரில் போய்க் காண வேண்டும். கடிதம் வாங்கி வரச் சொன்னால் 'நற்குணமும் நல்லொழுக்கமும் உள்ளவர்' என்று எல்லோருக்கும் ஒரே வசனம்தான் எழுதிக் கொடுப்பார்கள். நேரில் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சொன்ன நேரத்துக்கு வருவாரா? வராத நாளில் முன்கூட்டிச் சொல்வாரா? காசு கையாளும் வேலை கொடுத்தீர்களா? பரீட்சைக் காலத்தில் வேலையை எப்படிக் குறைத்தார்? அடுத்த போகத்துக்கும் கூப்பிடுவீர்களா? கடைசிக் கேள்விக்குக் கமக்காரர் யோசிக்காமல் சொல்லும் பதில், மூன்று பக்க நற்சான்றை விடப் பெறுமதியானது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. உழைப்புக்குப் புள்ளி என்றதும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பத் தொடங்கிவிடக்கூடாது. இலங்கையில் வேலைக்கான குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் அமர்த்துவதும் சட்டத்துக்கு மாறானது. ஆகவே 16 வயதுக்கு முந்திய வேலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பள்ளி நேரத்தில் செய்த வேலைக்கும் புள்ளி வேண்டாம், ஆனால் அதற்காகப் பிள்ளையைத் தண்டிக்கவும் வேண்டாம். வயலுக்கு மருந்தடித்தல், கிணறு வெட்டுதல், இரவில் கடலுக்குப் போதல் போன்றவை கொப்பியில் இருந்தால் புள்ளி போடாமல், அந்தக் குடும்பத்தோடு பேச வேண்டியது தொண்டரின் கடமை. அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை கார்த்திகை, மார்கழியை ஒட்டி வருகிறது. காலபோகத்தில் களை, பசளை வேலைகள் நெருக்கும் மாதங்கள் அவை. அந்த இரண்டு மாதமும் வேலையைக் குறைத்த பிள்ளைக்குத்தான் கூடுதல் புள்ளி கொடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை இந்த அளவுகோல் பின்தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கூலி வாங்காத வேலைக்குக் கையொப்பம் வைப்பவர் யார்? தாய் மத்திய கிழக்கில் இருக்க, தம்பி தங்கைகளுக்குச் சமைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்கு ஓடும் மூத்த பிள்ளையின் வேலை நெல் மூட்டை தூக்குவதை விடக் குறைந்ததல்ல. தையல், கோழி வளர்ப்பு, வீட்டுத் தோட்டம், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவர் அதற்குக் கையொப்பம் வைக்கலாம்.

தெரிவுக் குழுவுக்கு மூவர் போதும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவர் வேறு ஊரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பித்த பிள்ளைக்கு உறவினரானவர் அன்றைக்கு எழுந்து வெளியே போக வேண்டும். வன்னியில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு என்பதால் வெளியூர்க்காரர் இல்லாமல் இது சரிவராது. கோயில் பகை, ஊர்ப்பிரிவு, சாதி எல்லாம் தெரிவுக் கூட்டத்துக்குள் சத்தமில்லாமல் நுழைபவை. புள்ளிகளைக் கதைக்க முன்னர் மூவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்துவிட்டால் அதில் பாதி அடிபட்டுப் போகும். நேர்முகத்தில் போரில் யாரை இழந்தீர்கள் என்று கேட்கவே கூடாது. தேவையான விபரம் விண்ணப்பத்தில் இருக்கிறது. அழ வைத்துப் பார்த்துத் தகுதி அளப்பது கொடுமை. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பமா என்று பார்ப்பது உதவும், ஆனால் அதையே இறுதியாக வைக்காதீர்கள். பட்டியலில் விடுபட்ட ஏழைக் குடும்பங்கள் எந்தக் கிராமத்திலும் உண்டு.

காசு விடயத்தில் கொடுப்பவர்கள் பலருக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு. இலங்கையில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம், மஹாபொல என்ற உதவித்தொகை கிடைக்கிறது, பிறகு என்ன குறை என்று கேட்பார்கள். கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. மாத மஹாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும் பேர்சரி என்ற மற்ற உதவித்தொகையை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் 2025 வரவு செலவுத் திட்டம் உயர்த்தியது. இரண்டில் ஒன்றுதான் ஒரு மாணவருக்குக் கிடைக்கும். அதுவும் வருடத்தில் பத்துத் தவணை. முதல் தவணை கைக்கு வரப் படிப்புத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகலாம். பிள்ளை திணறுவது அந்த மாதங்களில்தான். பாய், தலையணை, வாளி, உடுப்பு, பதிவுச் செலவு, பயணம், தொழில்நுட்பப் பீடம் என்றால் மடிக்கணினி என்று எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். அடுத்த நெருக்கடி இரண்டாம் வருடத்தில். பல இடங்களில் விடுதியில் முதலாம் வருடத்தவருக்கும் இறுதி வருடத்தவருக்கும் முன்னுரிமை கொடுப்பதால் நடுவிலுள்ள வருடங்களில் வெளியே போர்டிங் பார்க்க வேண்டும். செலவு திடீரென்று ஏறும். உதவித்தொகையை நான்கு வருடமும் ஒரே அளவாகப் பிரிப்பவர்கள் இந்த இரண்டு மேட்டையும் கவனிப்பதில்லை.

நாங்கள் சொல்லும் முறை இது: நுழையும் போது ஒரு தொகை, பிறகு மாதாந்தம். நுழைவுத் தொகையில் பொருட்களைத் தொண்டரும் பிள்ளையும் சேர்ந்து போய் வாங்கி, பற்றுச்சீட்டைக் கோப்பில் போட வேண்டும். மாதாந்தத் தொகை பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஒரு வருடத்துக் காசை மொத்தமாகப் பெற்றோர் கையில் கொடுத்தால் அது நுண்கடன் தவணைக்கோ கூரை வேலைக்கோ போய்விடும். அதற்குக் குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது வீட்டிலுள்ள காசு எதற்கென்று ஒதுக்கியது என்று யார் பார்ப்பார்கள்? ஆகவே காசு வீட்டுக்கு வராமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. மாதத்தில் ஒரு திகதியைக் குறித்துவிட்டால் அந்தத் திகதி தவறவே கூடாது. பத்தாம் திகதி வரும் என்று நம்பிப் போர்டிங்காரருக்குச் சொன்ன பிள்ளைக்கு இருபதாம் திகதி வரும் காசு பாதி உதவிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 ரூபா என்றால் நான்கு வருடத்துக்கு 480,000 ரூபா. மாதம் 250 ரூபா கொடுக்க 40 பேர் இருந்தால் ஒரு பிள்ளையை முழுமையாகப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து ஒருவரே முழுத் தொகையையும் பொறுப்பேற்பது இலகுவாகத் தெரியும். ஆனால் அவருக்கு வேலை போனால், நோய் வந்தால், பிள்ளையின் படிப்பும் அந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. நாற்பது பேரில் ஐந்து பேர் விலகினாலும் சமாளிக்கலாம். எவன்ஸ் திட்டத்திலும் பெரிய கொடையாளர்களோடு, கொல்ப் பையில் கட்டும் சிறு அட்டையை வாங்கிச் சிறு தொகை கொடுக்கும் சங்க அங்கத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையை ஏற்கும் முன் குறைந்தது பன்னிரண்டு மாதக் காசு கணக்கில் இருக்க வேண்டும். முதல் தொகுதிக்குக் காசு உறுதியாகாமல் இரண்டாம் தொகுதியைச் சேர்க்காதீர்கள். பத்துப் பிள்ளைகளை எடுத்து இரண்டாம் வருடத்தில் ஆறு பேரைக் கைவிடுவதை விட நான்கு பேரை எடுத்துப் பட்டம் வரை கொண்டுபோவது மேல். தொகையையும் வருடத்துக்கு ஒரு தடவை மீளப் பார்க்க வேண்டும். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் உதவி சாப்பாட்டுக்கும் காணாமல் போனது.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனியாளின் பெயரில் வேண்டாம். மூன்று கையொப்பக்காரர், எந்தக் காசோலைக்கும் இருவர். சங்கத்தைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். வருடக் கணக்கை சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள், பிள்ளைகளின் பெயர் இல்லாமல்.

பெயரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. காசோலையைக் கையில் பிடித்தபடி பிள்ளையை நிறுத்திப் படமெடுப்பதையும், வீட்டுக்குள் கமெராவைக் கொண்டுபோய்ச் சட்டி பானையைக் காட்டித் தாயை அழவிட்டு யூடியூப்பில் போடுவதையும் உடனே நிறுத்த வேண்டும். அந்தக் காணொளியைக் கம்பசில் கூடப் படிக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். பட்டம் முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் போதும் அது இணையத்தில் கிடக்கும். கொடுப்பவர்களுக்கு ஆதாரம் வேண்டும் என்பது நியாயமான கேள்வி. பல்கலைக்கழகப் பதிவு அட்டையின் பிரதி, தவணைப் பெறுபேறு, வங்கி மாற்றுச் சீட்டு ஆகிய மூன்றும் முகத்தை விட நல்ல ஆதாரம்.

இனித் தொண்டர்களின் பெரிய வேலை. பிள்ளை உயர்தரம் எழுதியதற்கும் பல்கலைக்கழகம் போவதற்கும் இடையில் பல மாதங்கள் கிடக்கின்றன. சில தொகுதிகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. வறிய வீட்டுப் பிள்ளையை இழக்கும் இடம் இதுதான். மேசன் வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய் வரும் சம்பளத்தில் வீடு ஓடத் தொடங்கிவிடும். பிறகு கம்பசுக்குப் போவதென்றால் அந்தச் சம்பளத்தை நிறுத்த வேண்டும். இசட் புள்ளி வந்த கையோடு தொண்டர் வீட்டுக்குப் போய்ப் பாடநெறித் தெரிவுகளை எந்த ஒழுங்கில் போடுவது, கடைசித் திகதி எது, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாம் கையில் உள்ளதா என்று இருந்து பார்க்க வேண்டும். பெயரின் எழுத்து இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருப்பது இங்கே சாதாரணம். இடம்பெயர்வில் தொலைந்த பத்திரங்களை மீள எடுத்த குடும்பங்களில் இது இன்னும் அதிகம். பதிவு நாள் நெருங்கும்போது கண்டால் திருத்த நேரம் இருக்காது.

அதே இடைவெளியில் ஆங்கிலம். பொறியியல், தொழில்நுட்பம், விவசாயம், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கில மொழியில் நடக்கின்றன. தமிழில் உயர்தரம் படித்து வந்த பிள்ளை கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்தில் முதல் விரிவுரையில் பாதியும் விளங்காமல் உட்கார்ந்திருப்பது திறமைக் குறைவால் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு பின்னேரம், ஆறு மாதம், அந்தப் பிள்ளையின் பாடநூல் ஆங்கிலத்தையே வாசிக்கப் பழக்கினால் போதும். பொது ஆங்கில வகுப்பு வேண்டாம். ஆய்வுகூட அறிக்கை எழுதுவது, விரிவுரைக் குறிப்பு எடுப்பது என்று நேரே தேவையானதற்கு வாருங்கள். விசுவமடு, மல்லாவி, நெடுங்கேணி போன்ற இடங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாரும் போய்க் கேட்பதில்லை.

படிப்புத் தொடங்கிய பிறகு ஒரு தொண்டருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, தவணைக்கு ஒரு நேரடிச் சந்திப்பு. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டால் 'நல்லம்' என்றுதான் பதில் வரும். இரவுச் சாப்பாடு எங்கே, எந்தப் பாடம் பின்னுக்கு நிற்கிறது, யாரோடு அறை என்று கேளுங்கள். முதல் வருடத்தில் பகிடிவதை பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும், முறைப்பாடு செய்தால் உதவித்தொகை நிற்காது என்பதையும் போக முன்னரே சொல்லிவிடுங்கள். எவன்ஸ் திட்டத்தில் பல பல்கலைக்கழகங்களில் உதவி பெறும் மாணவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, மூத்தவர்கள் இளையவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீடு எடுக்க நம்மால் முடியாது. ஆனால் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் புதிய பிள்ளைக்கு அங்கே மூன்றாம் வருடத்தில் படிக்கும் நம் பிள்ளை ஒருவரின் இலக்கத்தைக் கொடுக்க முடியும்.

ஒரு பாடம் தவறினால் காசை நிறுத்தும் விதி பல சங்கங்களில் இருக்கிறது. முதல் தவணையில் ஒரு பாடம் தவறுவது வன்னிப் பிள்ளைக்குச் சாதாரணம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஆங்கிலம். நிறுத்தினால் பிள்ளை வேலைக்குப் போகும், அடுத்த தவணையில் மூன்று பாடம் தவறும். நிறுத்த முன்னர் ஒரு சந்திப்பு, ஒரு மூத்த மாணவரின் உதவி, அடுத்த தவணை வரை அவகாசம். வகுப்புக்கே போகாமல் இருப்பது வேறு விடயம். அதைத் தொலைபேசி அழைப்பில் இரண்டாம் மாதமே கண்டுபிடித்துவிடலாம்.

பல்கலைக்கழகத்துக்கு எடுபடாதவர்களை மறக்கவும் வேண்டாம். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரிக்கோ, கிளிநொச்சியிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்கோ போகும் பிள்ளைக்கும் பயணச் செலவும் தங்குமிடமும் தேவை. அதே கொப்பியும் அதே கேள்விகளும் அவர்களுக்கும் பொருந்தும். குறுகிய பயிற்சியென்றால் அதே காசில் இன்னும் சில பிள்ளைகளைப் பார்க்கலாம்.

அடுத்த பெறுபேறு வரும் வாரத்தில் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு பொது நூலகத்திலாவது ஒரு மேசையும் இரண்டு தொண்டர்களும் மூன்று நாள் இருக்கக் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் தங்களிடம் வேலை செய்யும் உயர்தரப் பிள்ளைகளின் விபரத்தை, பிள்ளையின் சம்மதத்தோடு, அந்த மேசைக்குச் சொல்லலாம். இந்த வேலையில் சேர விரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கம்பசை முடித்த இளையவர்கள் தங்கள் ஊரின் சனசமூக நிலையத்தில் பெயரைக் கொடுத்து, எத்தனை பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க முடியும் என்பதையும் இப்போதே குறித்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
மாணவர் உதவித்தொகைப் பணியிலுள்ள தொண்டர்கள்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.